இரண்டு அளவைகள்: பவுடர் டப்பாவும் நமது மௌனமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

திருவெறும்பூரில் நடைபெறும் பெண்கள் வகுப்பில் அண்மையில் ஒரு கேள்வி எழுந்தது. பேரக் குழந்தையை மடியில் வைத்திருந்த மூத்த சகோதரி ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், புள்ளைக்குப் போடுற பவுடர்ல கேன்சர் வருதுன்னு சொல்றாங்களே. ஹலால்னு போட்டிருக்கிற டப்பாவாப் பார்த்து வாங்கினா போதுமா?" நாம் வாய் திறக்கும் முன்பே பக்கத்தில் இருந்தவர் பதில் சொல்லிவிட்டார்: "நாப்பது வருஷமா நாம போடலையா? எல்லாம் அல்லாஹ் நாட்டம்."

கேள்வி, பதில் இரண்டுமே நம்மைச் சிந்திக்க வைத்தன. முத்திரை இருந்தால் போதும் என்பது ஒரு தவறு. நாட்டம் என்று சொல்லி விசாரிக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு. அன்று நாம் சுருக்கமாகச் சொன்ன பதில் போதாது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறோம். யாரையும் அச்சுறுத்துவது நமது நோக்கமன்று. நம் சமுதாயம் ஒரு கடமையை மறந்திருக்கிறது என்பதை எடுத்துரைப்பதே நோக்கம்.

மழை நனைத்த தானியம்

முகத்துக்கும் குழந்தையின் உடலுக்கும் நாம் பூசும் டால்கம் பவுடர் பூவிலிருந்து வருவதன்று. அது பூமியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் கல். பழைய வீடுகளில் கல்சட்டி இருந்ததே, அந்த மாக்கல்லின் முதன்மைக் கனிமமே டால்க் ஆகும். அதைப் பொடித்து, சலித்து, மணமூட்டி டப்பாவில் அடைக்கிறார்கள். நம் நாட்டில் ராஜஸ்தான் மாநிலத்தில் இது பெருமளவு வெட்டி எடுக்கப்படுகிறது.

இதே வகைப் பாறைகளில் இன்னொரு கனிமக் குடும்பமும் உருவாகிறது. அதுவே ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார். டால்க் படிந்திருக்கும் சுரங்கத்தில் அதன் அருகிலோ, அதனூடே இழையாகவோ கல்நாரும் கலந்திருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத அந்த இழைகளைச் சுவாசித்தால் அவை நுரையீரலிலும் அதைச் சுற்றியுள்ள சவ்விலும் தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய், மீசோதீலியோமா எனும் சவ்வுப் புற்றுநோய் ஆகியவற்றுக்குக் கல்நார் காரணமாகிறது என்பது உலக சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்ட உண்மை. அந்நோய் உடனே தலைகாட்டாது. இருபது, முப்பது, ஏன், நாற்பது ஆண்டுகள் கழித்தும் வரும். ஆகவே "நாற்பது வருடமாகப் போடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்பது இவ்விஷயத்தில் ஓர் ஆதாரமே ஆகாது.

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்த சம்பவத்தை நாம் அனைவரும் அறிவோம். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி அது. விரல்களில் ஈரம் பட்டது. விற்பவரிடம் காரணம் கேட்டார்கள். மழை நனைத்துவிட்டது என்றார் அவர். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள்.

இச்சம்பவத்தை நாம் மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் அதிலுள்ள ஒரு நுட்பத்தைக் கவனிப்பதில்லை. அந்த வியாபாரி தானியத்தில் தண்ணீர் ஊற்றவில்லை. மழைதான் நனைத்தது. நனைந்தது அவர் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே வைத்ததே குற்றம். டால்க்கில் கல்நாரை யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. பூமியே சேர்த்தது. எனவே நாம் கேட்க வேண்டியது யார் கலந்தார் என்பதை அன்று. யாருக்குத் தெரியும், தெரிந்தவர் சொன்னாரா என்பதையே.

மூடிய அறையைத் திறந்தது எது?

ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 1894 முதல் குழந்தைப் பவுடர் விற்று வந்தது. அந்த மணத்தையே குழந்தையின் மணம் என்று நம்பிய தலைமுறைகள் உலகெங்கும் உண்டு. நம் வீடுகளும் விலக்கல்ல. குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த நிறுவனத்தின் பரிசுப் பெட்டியை வாங்கிச் செல்வது நம்மிடையே ஒரு வழக்கமாகவே இருந்தது.

2018 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு விரிவான புலனாய்வை வெளியிட்டது. 1971 முதல் 2000-களின் தொடக்கம் வரை, நிறுவனத்தின் மூலப்பொருளிலும் சில வேளைகளில் விற்பனைக்குத் தயாரான பவுடரிலும் சிறிதளவு கல்நார் இருப்பதாகச் சில சோதனைகள் காட்டின என்றும், அது நிறுவனத்தின் உள்ளே தெரிந்திருந்தது என்றும் அச்செய்தி கூறியது. 1972-க்கும் 1975-க்கும் இடையில் மூன்று வெவ்வேறு ஆய்வகங்கள் கல்நாரைக் கண்டிருந்தும், 1976-ல் அமெரிக்க அரசிடம் அதைச் சொல்லவில்லை என்பது அதன் முக்கியமான குற்றச்சாட்டு.

நிறுவனம் இதை முழுமையாக மறுத்தது. தன் பவுடர் பாதுகாப்பானது, அதில் கல்நார் இல்லை, ஆயிரக்கணக்கான சோதனைகள் அதை நிரூபிக்கின்றன என்று அன்றும் சொன்னது, இன்றும் சொல்கிறது. 2019 அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சோதித்த ஒரு டப்பாவில் நுண்ணளவு கல்நார் இருப்பது தெரியவந்தபோது, சுமார் 33,000 டப்பாக்களை நிறுவனம் திரும்பப் பெற்றது. பின்னர், தான் செய்வித்த மறுசோதனையில் அது இல்லை என்று அறிவித்தது. ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது நமது மார்க்கம் கற்றுத்தரும் நீதி முறை. ஆகவே இரு தரப்பையும் எழுதினோம்.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். நாற்பது ஆண்டுகள் அலமாரியில் பூட்டியிருந்த அந்த ஆவணங்கள் எப்படி வெளியே வந்தன? நிறுவனம் தானாக முன்வந்து வெளியிடவில்லை. எந்த அரசும் கேட்டு வாங்கவில்லை. நோயுற்ற சாதாரண மனிதர்கள் வழக்குத் தொடுத்ததால் வந்தன. எதிர்த்தரப்பின் கையிலுள்ள ஆவணங்களை ஒப்படைக்கும்படி உத்தரவிட அந்நாட்டு நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. 1990-களின் இறுதியில் டெக்ஸாஸில் ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார். ஆவணங்கள் கிடைக்காததால் அவர் வழக்கைக் கைவிட நேர்ந்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் விடவில்லை. தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்க்கும் வேலையை அந்நாட்டில் நீதிமன்றம் செய்தது.

2018 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகர ஜூரி 22 பெண்களுக்கு 469 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது சுமார் 212 கோடி டாலராகக் குறைந்தது. அதில் தலையிட 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. வேறு பல வழக்குகளில் நிறுவனமே வென்றிருக்கிறது. சில தீர்ப்புகள் மேல்முறையீட்டில் ரத்தாகியும் உள்ளன. இதுவும் உண்மையே.

அதன்பின் நடந்ததையும் கவனியுங்கள். 2021 அக்டோபரில் நிறுவனம் ஒரு புதிய துணை நிறுவனத்தைத் தோற்றுவித்து, டால்க் வழக்குகள் அனைத்தையும் அதன் தலையில் ஏற்றி, அதற்குத் திவால் கோரியது. உலகின் பெரும் செல்வ நிறுவனங்களில் ஒன்று, தன் கடனுக்கு மட்டும் ஏழையாகிவிட்ட கதை இது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. இரண்டாம் முயற்சி 2023 ஜூலையிலும், சுமார் 800 கோடி டாலர் தருவதாகச் சொன்ன மூன்றாம் முயற்சி 2025 மார்ச்சிலும் தள்ளுபடியாயின. அப்போது 60,000-க்கும் மேற்பட்டோர் வழக்காளிகளாக இருந்தனர். வசதி இருந்தும் கடனைத் தள்ளிப்போடுவது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருப்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

வழக்குத் தொடுப்பவனுக்கு ஓர் அளவை, மௌனிக்கு ஓர் அளவை

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

2020 மே மாதத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் கலந்த குழந்தைப் பவுடர் விற்பனையை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. தவறான தகவல்களாலும் வழக்கு விளம்பரங்களாலும் விற்பனை குறைந்துவிட்டது என்பதே அது சொன்ன காரணம். ஆனால் இந்தியா உள்ளிட்ட ஏனைய நாடுகளில் விற்பனை தொடர்ந்தது. உலகெங்கும் நிறுத்திச் சோள மாவுப் பவுடருக்கு மாறப்போவதாக 2022 ஆகஸ்டில் அறிவித்து, 2023-ல்தான் நிறுத்தியது.

இடையில் மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளில் நியூயார்க்கில் பிறந்த குழந்தைக்குச் சோள மாவு. திருச்சியில் பிறந்த குழந்தைக்கு டால்க்.

அல்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயமான அல்முதஃப்ஃபிஃபீன், அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடு என்ற எச்சரிக்கையுடன் தொடங்குகிறது. தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிக்கொள்வதும், பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பதுமே அவர்களுடைய இலக்கணம். ஒரே பொருளுக்கு இரண்டு அளவை வைத்திருப்பதே அப்பாவத்தின் வேர். கேள்வி கேட்கிற ஊருக்கு ஒன்று, கேட்காத ஊருக்கு மற்றொன்று என்பதும் அதே பாவம்தான். பவுடர் பாதுகாப்பானது என்றால் அங்கே ஏன் நிறுத்தினீர்? அங்கே நிறுத்தத் தகுந்தது என்றால் இங்கே ஏன் விற்றீர்? விற்பனைக் கணக்கை மட்டும் சொல்வது இக்கேள்விகளுக்கு விடையாகாது.

நம் அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. ராய்ட்டர்ஸ் செய்தி வெளியானதும் 2018 டிசம்பரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரிகள் இமாச்சலத்தின் பத்தியிலும் மும்பையின் முலுந்திலும் உள்ள ஆலைகளில் மாதிரி எடுத்தார்கள். அவற்றில் கல்நார் இல்லை என்று முடிவு வந்ததால் உற்பத்தியை மீண்டும் தொடங்குவதாக 2019 பிப்ரவரியில் நிறுவனம் அறிவித்தது. அம்முடிவை நாம் மறுக்கவில்லை. ஆனால் சில நாட்கள் எடுத்த மாதிரி அந்த நாட்களுக்கே சாட்சி சொல்லும். 1980-களில் நம் தாய்மார் வாங்கிய டப்பாவுக்குச் சாட்சி சொல்லாது.

சோதனை எந்த வேகத்தில் நடக்கிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முலுந்து ஆலையின் உரிமத்தை மகாராஷ்டிர அரசு 2022 செப்டம்பரில் ரத்து செய்தது. காரணம் கல்நார் அன்று. பவுடரின் காரத்தன்மை வரம்பை மீறியது என்பதே. அம்மாதிரிகள் எடுக்கப்பட்டதோ 2018-ல். இத்தனை தாமதத்தைக் கண்டித்து, 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ரத்து உத்தரவையே நீக்கிவிட்டது. காரணம் எதுவாயினும், ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகும் காலம் வரை ஒரு டப்பாவின் சோதனை இழுத்தது.

2025 அக்டோபரில் பிரிட்டனிலும் சுமார் 3,000 பேர் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துள்ளனர். அத்தகைய எழுச்சி நம் நாட்டில் ஏற்படவில்லை. நம் குழந்தைகளின் நுரையீரல் வேறு பொருளால் படைக்கப்பட்டதா? இல்லை. நாம் கேட்கவில்லை, அவ்வளவே. கேட்காதவர்களுக்காகவே இரண்டாவது அளவை தயாராகிறது.

நம்மவர் சொல்லும் மூன்று சமாதானங்கள்

முதலாவது, "எல்லாம் கத்ர்" என்பது. கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கொள்ளைநோய் பரவிய ஷாம் தேசத்தின் எல்லையில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? படையுடன் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற பொருளில் விடை சொன்னார்கள். நோய் வந்தபின் பொறுமை காப்பது கத்ரை ஏற்பதாகும். நோய் வரும் வழியைத் திறந்து வைத்துக்கொண்டு கத்ர் என்பது சோம்பலுக்கு மார்க்கச் சாயம் பூசுவதாகும்.

இரண்டாவது, "வழக்குப் போடுவது பணத்தாசை" என்பது. பொய் வழக்குப் போடுவது ஹராம் என்பதில் ஐயமில்லை. நோய்க்கும் பொருளுக்கும் தொடர்பில்லாமல் இழப்பீடு கேட்பவர் பிறர் பொருளை அநியாயமாக உண்பவரே. ஆனால் உண்மையான பாதிப்புக்கு ஈடு கேட்பதை நமது ஃபிக்ஹு பேராசை என்று சொல்லவில்லை. உரிமை என்றே சொல்கிறது. வாங்கிய பொருளில் முன்பே இருந்த குறை தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை 'கியாருல் அய்ப்' எனப்படும். பொதுப் பாதையில் அனுமதியின்றி ஒருவன் குழி தோண்டி, அதில் இன்னொருவர் விழுந்து இறந்தால், தோண்டியவன் ஈடு கொடுக்க வேண்டும் என்று ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் நூல்கள் பேசுகின்றன. அவன் யாரையும் தள்ளிவிடவில்லை. விழுந்தவரை அவன் அறியவும் மாட்டான். ஆயினும் அவன் பொறுப்பாளியே. இன்று சட்டக் கல்லூரிகளில் தயாரிப்புப் பொறுப்பு என்று கற்பிக்கும் கருத்து நம் கிதாபுகளுக்கு அந்நியமானதன்று. மாவர்தி அவர்கள் தமது 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் கடைவீதியைக் கண்காணிக்கும் ஹிஸ்பா பதவிக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்கள். மதரஸாக்களில் இவற்றைப் பரீட்சைக்காக ஓதிக்கொடுக்கும் நாம், கடைவீதிக்கு அவற்றைக் கொண்டுவரத் தவறினோம். இக்குற்றம் எம்மைப் போன்ற ஆசிரியர்களையே முதலில் சாரும்.

மூன்றாவது, "ஹலால் முத்திரை இருக்கிறது" என்பது. பன்றிக் கொழுப்பு இருக்கிறதா, மதுச்சாரம் இருக்கிறதா என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பேணுதல் பாராட்டுக்குரியது. ஆனால் அல்லாஹ் ஹலாலானதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. தய்யிபையும், அதாவது தூய்மையானதையும் நல்லதையும், சேர்த்தே சொல்கிறான். முத்திரையைப் பார்த்தவர் சுரங்கத்தைப் பார்க்கவில்லை. கல்நார் சோதனை செய்தீர்களா, எந்த முறையில் செய்தீர்கள் என்று சான்றிதழ் வழங்குவோரிடம் நாம் கேட்டதுண்டா?

நம் கடை, நம் கூரை

பிறரை நோக்கி விரல் நீட்டும்போது நம்மையும் பார்க்க வேண்டும். நம் சமுதாயம் வியாபாரச் சமுதாயம். திருச்சியின் பெரிய கடைவீதியிலும் சிங்காரத்தோப்பிலும், திருவெறும்பூர், துவாக்குடித் தெருக்களிலும் நம்மவர் கடைகள் உண்டு. பெயர் இல்லாத உறையில் கிலோ கணக்கில் பவுடர் விற்கிறோம். துபாயிலிருந்து பெட்டியில் வந்த டப்பாக்களை 'ஃபாரின் சரக்கு' என்று கூடுதல் விலைக்கு விற்கிறோம். அதில் என்ன இருக்கிறது, யார் செய்தது என்று நமக்கே தெரியாது. குறையுள்ள பொருளை அக்குறையைச் சொல்லாமல் விற்பது ஆகுமானதல்ல என்பது நபிமொழி. தெரியாமல் விற்றேன் என்பவர், தெரிந்துகொள்ள முயன்றாரா என்ற கேள்விக்கும் அல்லாஹ்விடம் பதில் சொல்லியாக வேண்டும்.

உலகச் சட்டமும் இதில் நம்மை விடவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 86-ஆவது பிரிவின்படி, தயாரித்தவர் யாரென்று தெரியாத பொருளுக்கும், தயாரித்தவர் இந்தியச் சட்டத்துக்கு உட்படாத பொருளுக்கும் விற்ற கடைக்காரரே பொறுப்பாளி ஆகலாம். பெயரில்லாத உறையும் ஃபாரின் டப்பாவும் நம் கழுத்தைச் சுற்றும் என்பதை வணிகச் சகோதரர்கள் உணர வேண்டும்.

கூரையையும் பாருங்கள். திருவெறும்பூரில் வாழும் நமக்குக் கொதிகலன் என்ற சொல் புதியதன்று. கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்க்கும் வெப்பக் காப்பாகக் கல்நாரைச் சுற்றுவது ஒரு காலத்தில் உலகெங்கும் வழக்கமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் கல்நாரைத் தடை செய்துள்ளது. நம் நாட்டில் புதிய கல்நார்ச் சுரங்கங்களுக்கு அனுமதி நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் கல்நார் சிமெண்ட் ஷீட்டாக நம் தலைக்கு மேல் நிற்கிறது. தடை கோரிய மனுவை 2011-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எம் மதரஸாவின் பின்கட்டுக் கூரையும் அந்த ஷீட்தான். உடையாத ஷீட்டில் இழைகள் சிமெண்டோடு பிணைந்திருக்கும். அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும்தான் அவை தூசியாகக் கிளம்பும். பழைய ஷீட்டைப் பிள்ளைகளை விட்டு உடைத்து அள்ளச் சொல்லும் வழக்கத்தை இனியாவது விட்டொழிப்போம். அவ்வாறு அள்ளச் சொன்னவர்களில் நாமும் இருந்தோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

நாம் செய்ய வேண்டியவை

சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதன் ஆறாம் அத்தியாயம் முழுவதும் தயாரிப்புப் பொறுப்பைப் பற்றியது. உற்பத்தியில் குறை, வடிவமைப்பில் குறை, சரியான எச்சரிக்கை தராமை ஆகியவற்றால் பாதிப்பு ஏற்பட்டால் தயாரித்தவர் ஈடு கொடுக்க வேண்டும். புகாரை நாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். திருச்சியிலும் அது இயங்குகிறது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் புகாருக்குக் கட்டணமும் இல்லை. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஒரே பாதிப்புக்கு உள்ளான பலருக்காக ஒருவர், ஆணையத்தின் அனுமதியுடன் புகார் செய்யவும் வழியுண்டு. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்கலாம்.

சிறியவர்களால் இது ஆகுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு முன்மாதிரி. கல்நார்த் தொழிலாளர்களுக்காக உச்ச நீதிமன்றம் சென்றது அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் என்ற ஒரு நுகர்வோர் அமைப்பு. 1995 ஜனவரியில் வந்த தீர்ப்பு, தொழிலாளியின் உடல்நலம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. பணியில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் அவரது மருத்துவப் பதிவேடுகளைப் பாதுகாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கல்நார் எத்தனை ஆண்டுகள் கழித்துக் கணக்கைத் தீர்க்கும் என்பதை நம் நாட்டு நீதிமன்றமே அறிந்திருந்தது.

ஆகவே குடும்பங்களுக்குச் சொல்கிறோம்: கைக்குழந்தைக்குப் பவுடர் ஓர் அவசியப் பொருளன்று. குழந்தை சுவாசித்துவிடும் அபாயம் இருப்பதால் அதைத் தவிர்க்கும்படியே குழந்தை நல மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். துடைத்து உலர்த்தினால் போதும். பயன்படுத்தியே தீருவோர் மூலப்பொருள் பட்டியலில் 'டால்க்' இருக்கிறதா என்று பாருங்கள். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2024-ல், கல்நார் கலவாத டால்க்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்துள்ளது. பில்லைக் கேட்டு வாங்குங்கள். பேட்ச் எண் உள்ள டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். நீதிமன்றத்தில் பேசுவது அந்த எண்தான்.

இதுவரை பவுடர் போட்டுவிட்ட தாய்மார் கலங்க வேண்டாம். போட்டவர் அனைவருக்கும் நோய் வரும் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் அன்பால் செய்தீர்கள். அதில் உங்கள் மீது குற்றமில்லை. அறிந்தும் அறிவிக்காமல் விட்டவர்கள் இருந்தால், விசாரணை அவர்களுக்கே.

வணிகர்களுக்கு: பெயரும் முகவரியும் பேட்ச் எண்ணும் இல்லாத பவுடரைக் கடையில் ஏற்றாதீர்கள். மொத்த வியாபாரியிடம் சோதனைச் சான்று கேளுங்கள். இல்லை என்றால் அவ்வியாபாரத்தின் லாபம் உங்களுக்கு வேண்டாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு: நிக்காஹ் பதிவேடும் கப்ருஸ்தான் கணக்கும் வைத்திருக்கும் மஹல்லாவில் ஒரு நுகர்வோர் குழு இருக்கக் கூடாதா? படித்த இளைஞர்கள் இருவர், வழக்கறிஞர் ஒருவர், மருத்துவர் ஒருவர் போதும். மஹல்லாவில் அதிகம் விற்கும் பவுடர்களை ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்க ஆகும் செலவு, ஒரு வலீமாவின் பந்தல் செலவை எட்டாது. முடிவை ஜும்ஆவுக்குப் பின் அறிவியுங்கள். இப்பணி முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. அடுத்த வீட்டு இந்து, கிறிஸ்தவச் சகோதரரின் குழந்தையும் அதே பவுடரைத்தான் சுவாசிக்கிறது. தனக்குத் தீங்கு வராமல் காப்பதும் பிறருக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதும் நமது மார்க்கத்தின் அடிப்படை விதி.

அந்த மூத்த சகோதரிக்கு நமது பதில் இதுதான்: முத்திரை மட்டும் போதாதம்மா. டப்பாவுக்குள் கையை நுழைத்துப் பார்க்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். கேட்பது நமது உரிமை மட்டுமன்று, இபாதத்தும்கூட. நாம் கேட்காதவரை நமக்கென்று ஒரு குறைந்த அளவை எங்கேயாவது தயாராகிக்கொண்டே இருக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் குழந்தைகளின் உடல்நலத்தைக் காப்பாயாக. எங்கள் வியாபாரத்தில் உண்மையையும் பரக்கத்தையும் தருவாயாக. நோயால் வாடுவோருக்கு ஷிஃபாவையும் நீதியையும் அருள்வாயாக. ஒரே அளவையால் வாங்கவும் கொடுக்கவும் எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.